ஸொறி சொல்லத் தெரிந்தவள்

ஒக்லாந்தில் விரி என்ற பகுதியில் உள்ள பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவருடைய காலை மிதித்தேன். அவர் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற சமோவாக்காரர். வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராத அளவுக்கு உடம்பு. தேநீர் இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி ஆறுதலாக இருந்தார். கம்பனி கொடுத்த இரும்பு முனைச் சப்பாத்து எனக்கு அன்றுதான் அறிமுகம். கோப்பையும் கையுமாக வந்த நான் அவருடைய சுண்டுவிரலில் முழுப் பாரத்தோடும் ஏறி நின்றுவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்து, "ஸொறி" என்றார்.

எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்டால் மிதித்தவள் என்ன சொல்வது? நான் போய் ஒரு மூலையில் இருந்து தேநீரைக் குடித்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர் என்பதால் எல்லாம் தெரிந்த மாதிரித்தான் கதைப்பார்.

"இஞ்ச அப்பிடித்தான். நீரும் பழகிப்போவீர்."

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுவதே ஒரு தொல்லை. எங்கள் ஆட்கள் 'சொறி' என்று எழுதுவார்கள். இந்தியத் தமிழர்கள் 'சாரி' என்று எழுதுவார்கள். ஒன்று அரிப்பு, மற்றது உடுப்பு. முன்னால் ஒரு 'ஸ' போட்டால் அரிப்புக் கொஞ்சம் அடங்கும் என்ற நம்பிக்கையில் நான் இப்படி எழுதுகிறேன்.

பழகத்தான் செய்தேன். ஆனால் சும்மா பழக்கமில்லை, பாடம் படித்த மாதிரி. சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு தள்ளுவண்டிகள் பருப்பு அடுக்குக்கு முன்னால் நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் ஸொறி சொல்ல வேண்டும். பிழை ஒருவரிலும் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். காது கேட்காவிட்டாலும் அதே சொல்தான், கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்க வேண்டும். இது தெரியாத காலத்தில், கவுண்டரில் நின்ற பெண் "ஸொறி?" என்று கேட்க, நான் பெருந்தன்மையாக "இட்ஸ் ஓகே" என்றேன். அவள் மறுபடியும் "ஸொறி?" என்றாள். பாவம், மனம் உறுத்துகிறது போல என்று நினைத்து இன்னும் ஆறுதலாக "இட்ஸ் ஓகே" என்றேன். பின்னால் நின்ற வரிசைதான் எங்களைப் பிரித்து வைத்தது.

வேலைத்தலத்தில் மனேஜர் "ஸொறி" என்று தொடங்கினால் உடனே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். வேலைக்கு வரச் சொல்லப்போகிறார், லீவுச் சனிக்கிழமை போய்விட்டது என்று அர்த்தம். ரென்டுக்கு வீடு தேடிய நாட்களில் ஏஜென்டுகள் அந்தச் சொல்லைக் கதவு மாதிரி மெதுவாகச் சாத்துவார்கள். கூட்டத்தில் ஒருவர் "ஸொறி, பட்" என்று வாயைத் திறந்தால், அவருக்கு எந்த வருத்தமும் இல்லை, சண்டைக்கு வருகிறார். பஸ்ஸுக்குக் கூட அந்தப் பழக்கம் உண்டு. சான்ட்ரிங்ஹாம் வீதியில் மழைக்குள் நிற்கிறேன், வெறும் பஸ் வருகிறது, நெற்றியில் ஸொறி, நொட் இன் சேர்விஸ் என்று வெளிச்ச எழுத்து. முதலாவதை மன்னித்தேன். இரண்டாவதையும் மன்னித்தேன். மூன்றாவதுக்குச் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் பதில் சொன்னேன். பக்கத்தில் நின்ற சீனத்துப் பெண்மணி எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினார்.

ஒரு முறை மட்டும் அந்தச் சொல் என்னை உலுக்கியது. ஊரில் அப்பா செத்துப்போனபோது என்னால் போக முடியவில்லை. விசா அலுவல் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் போல இருந்தது. மேசையில் ஒரு கார்ட், உள்ளே எல்லாரும் அதே சொல்லை எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். இவர்கள் என்ன பிழை செய்தார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. அப்போது அந்தச் சமோவாக்காரர் வந்தார். தோளில் கையை வைத்தார். அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னார். பிறகு போகாமல் நின்றார். அதுவரை வராத அழுகை எனக்கு அவர் கையின் பாரத்தில்தான் வந்தது.

வருடங்கள் போக நான் அந்தச் சொல்லில் கைதேர்ந்த விண்ணியாகிவிட்டேன். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுக்குச் சொன்னேன். துணிக்கடைப் பொம்மைக்குச் சொன்னேன். என் ஈமெயில்களில் அது வணக்கத்துக்கு முந்தியே வரும். இவளைப் போலப் பண்பானவள் இல்லை என்று வேலைத்தலத்தில் பேர். வீட்டில் அந்தப் பேர் இல்லை. தமிழில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. சண்டை பிடித்த அடுத்த நாள் நான் கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பேன். மனுசன் என் காருக்குப் பெற்றோல் அடித்து வைப்பார். அதோடு விஷயம் முடிந்தது. யாரும் வாயைத் திறந்து 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று சொன்னால் மற்றவர் பயந்துபோவார், ஏதோ சாகிற வருத்தம் வந்து சொல்கிறாரோ என்று.

இந்தக் கெட்டித்தனத்தோடுதான் போன வருடம் என் மச்சாளிடம் மாட்டிக்கொண்டேன்.

மச்சாள் என் மனுசனின் ஒரே அக்கா. சான்ட்ரிங்ஹாமில் இருக்கிறா. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் அவவின் வீட்டுப் பின்பக்க அறையில்தான் இருந்தோம். என் மகளுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்தினது, எனக்குக் கார் ஓடப் பழக்கினது, வேலைக்கு விண்ணப்பம் எழுதக் கூட இருந்து பார்த்தது எல்லாம் அவதான். வாய் கொஞ்சம் பெரிது. என்னை 'எடியே' என்றுதான் கூப்பிடுவா. அப்படிக் கூப்பிட உலகத்தில் அவவுக்கு மட்டும்தான் உரிமை.

ஒனிஹங்காவில் எங்களுக்கென்று ஒரு வீடு அமைந்தபோது அதைப் பார்க்கவும் கூட வந்தா. சமைக்கிற குசினி சின்னது, சுவர் நிறம் ஆஸ்பத்திரி நிறம் என்று இரண்டு குறை சொல்லிவிட்டு, அமைந்த வீடு போதும், வாங்குங்கோ என்று முடிவு சொன்னதும் அவதான். நாங்கள் வேதக்காரர். புது வீட்டுக்குப் போகமுன் பாதரைக் கூப்பிட்டு வீடு மந்திரிப்போம். அதற்கு நாள் குறித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புருசனும் பெண்சாதியுமாக வெளிக்கிட்டு, குடும்பத்தில் மூத்த உரித்துக்காரரின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. சாவு வீட்டுக்கு யாரும் அழைப்புப் பார்ப்பதில்லை, கேள்விப்பட்டதும் ஓடுவார்கள். நல்ல காரியத்துக்கு மட்டும் வாசலுக்கு வந்து சொல்ல வேண்டும்.

எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மச்சாள் வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தோம். ஆனால் வியாழக்கிழமையே மகள் அழைப்பிதழைச் செய்து முடித்துவிட்டாள். வீட்டின் படம், சுற்றிவரப் பூ, கீழே நேரம், இடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேநீர் இடைவேளையில் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். அந்தக் குரூப்பில் யாழ்ப்பாணம், மன்னார், லண்டன், கனடா எல்லாம் இருக்கிறது. மச்சாளும் இருக்கிறா. அந்த நேரம் அது என் மூளைக்கு எட்டவில்லை.

வாழ்த்துகள் கொட்டின. ஆளுக்கொரு கேக், ஆளுக்கொரு மாதா படம். மச்சாள் கடைசியாக ஒரு கட்டைவிரல் போட்டா. அவ்வளவுதான். முட்டை விலை ஏறினால் கூட ஐந்து நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்புகிற மனுசி ஒரு கட்டைவிரலோடு நிறுத்தினதைப் பார்த்த பிறகுதான், அவவுக்கு முதலில் சொல்லவில்லை என்று எனக்கு உறைத்தது.

உடனே எழுதினேன். ஸொறி மச்சாள், வேலை கூடிப்போச்சு, ஞாயிறு வாறம் என்று. கும்பிடுகிற கை இரண்டும் வைத்தேன். பதில் வந்தது: நோ வொரீஸ்.

மகளிடம் காட்டினேன். அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள்.

"அம்மா, ஷீ செட் நோ வொரீஸ். இட்ஸ் ஓல் குட்."

"உனக்கு மாமியைத் தெரியாது" என்றேன். மச்சாள் எனக்கு அதுவரை ஒரு சொல் இங்கிலீசில் எழுதினதில்லை.

ஃபோன் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தா.

"சொல்லுங்கோ" என்றா. சொல்லுங்கோ என்று. எனக்கு.

"மச்சாள், ஸொறி, நான் யோசிக்காமல்..."

"ஏன் எனக்கு ஸொறி சொல்றியள்? நான் என்ன, உங்களோட கடையில வண்டில் இடிபட்டனானே? அதை உங்கட வேலைத்தலத்தில சொல்லுங்கோ, அங்க நல்லா எடுபடும்." பிறகு சொன்னா, "அண்டைக்கு எனக்கு ஷிஃப்ட். பாக்க ஏலுமெண்டால் பாப்பம்."

ஃபோனை வைத்துவிட்டா. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கனடாவில் இருப்பவர்கள் எல்லாம் சந்தோஷமாக இருக்க, இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற இவவுக்கு மட்டும் என்ன என்று குசினிக்குள் நின்று பாத்திரங்களோடு கதைத்தேன். மனுசன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அக்கா வராட்டில் மந்திரிப்பை ஒத்தி வைப்பம்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்த நாட்டில் அவருடைய ரத்தம் என்று சொல்ல இருப்பது அவ ஒருத்திதான். அவவுக்காகத்தான் இந்த ஊரைத் தெரிந்தெடுத்து வந்தோம். அவ இல்லாமல் அந்த வீட்டு வாசல்படியை மிதிப்பதை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோபம் எல்லாம் என் மேலேயே திரும்பியது.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலமை வெளிக்கிட்டோம். அவர் இஸ்திரி போட்ட சேர்ட், நான் பட்டுச் சேலை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும். மச்சாள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் பார்த்தேன், ஒவ்வொரு பழத்திலும் சுப்பர்மார்க்கெட் ஸ்டிக்கர். முறைப்படி அழைக்கப் போகிற வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டின பழமா என்று, இரண்டு பேரும் காருக்குள் இருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் திரைக்குப் பின்னால் மச்சாள். எவ்வளவு நேரம் நின்றாவோ தெரியாது.

கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றா. ஹோலில் இருத்தினா. அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்த நான் ஹோலில் ஒரு நாளும் இருந்ததில்லை, எனக்கு இடம் குசினிதான். பூப் போட்ட கோப்பையில், கீழே தட்டு வைத்துத் தேநீர் வந்தது. என்னை விருந்தாளி ஆக்கிவிட்டா என்று விளங்கியது. திட்டியிருந்தால் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

பழத்தையும் கேக்கையும் இரண்டு கையாலும் கொடுத்தேன். மனுசன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, வாற சனிக்கிழமை வீடு மந்திரிக்கிறம். நீங்கள் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

"அப்பிடியே?" என்றா மச்சாள், முதல் முறை கேட்பது போல. "எத்தின மணிக்கு?"

"பத்துக்கு."

"ஆர் பாதர்?"

சொன்னார். குரூப்பில் எல்லாம் எழுதிக் கிடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். ஆனாலும் அவ ஒவ்வொன்றாகக் கேட்டா, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படிக் கேட்பதும் சொல்வதும்தான் முறை. நான் கோப்பையில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கேட்டு முடிந்த பிறகு மச்சாள் என் பக்கம் திரும்பினா.

"வீடு பாக்கக் கூட வந்தவள் நான். குசினி சின்னன் எண்டு சொன்னவளும் நான். அண்டைக்கு வேலையில ஒரு மனுசிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டு நிக்கிறன், கனடாவில இருந்து ஃபோன். உங்கட தம்பி நாள் வைச்சிட்டாராம், சந்தோஷம் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? என்ர தம்பி வீட்டுக் காரியத்தை ஆரோ எனக்குச் சொல்லித் தெரியவேண்டிக் கிடக்கு. கரண்டியையும் பிடிச்சுக்கொண்டு வாயடைச்சு நிண்டன்."

அந்தக் கரண்டியோடு அவ நின்ற நிலையை நினைத்தேன். சொல் தானாக வாய்க்கு வந்தது. ஸ வரை வந்துவிட்டது. கதவுக்கும் பொம்மைக்கும் பஸ்ஸுக்கும் சொன்ன சொல். விழுங்கினேன்.

"பிழை என்னில தான் மச்சாள்" என்றேன். "முதல் இஞ்சதான் வந்திருக்கவேணும். எனக்குப் பெருமை தலைக்கேறிப் போச்சு. நீங்கள் வராட்டில் எனக்கு அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மனமில்லை."

தமிழில் அதைச் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. மச்சாள் வாழைப்பழச் சீப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. நாங்கள் கவனிக்காத ஒரு ஸ்டிக்கர் உள்பக்கம் இருந்தது; அதை உரித்து மேசையில் ஒட்டினா.

"எத்தின பேருக்குச் சமையல்?" என்றா.

சொன்னேன். "ம்" என்றா. வாசல் வரை வந்து, "ஷிஃப்ட் மாத்த ஏலுமோ தெரியாது. பாப்பம்" என்றா. எங்கள் ஆட்களின் 'பாப்பம்' வருவேன் என்றும் இருக்கலாம், இனி என்னைக் கேளாதே என்றும் இருக்கலாம். காரில் திரும்பி வரும்போது மனுசனும் நானும் அந்த ஒரு சொல்லை வைத்து வீடு வரை வாதாடினோம்.

அந்தக் கிழமை முழுக்க, வேலை முடிய, ஒக்லாந்தில் அழைத்த எல்லா வீடுகளுக்கும் நேரில் போனோம். ஏற்கெனவே ஃபோனில் சரி சொல்லிவிட்ட ஆட்கள் எங்களைப் பட்டுச் சேலையோடு வாசலில் கண்டு திகைத்தார்கள். யாரோ செத்துப்போனார்கள் என்று ஒருவர் பயந்தே விட்டார். மச்சாளிடம் இருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் குரூப்பைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மந்திரிப்பு நாள் காலமை ஏழு மணிக்கு, புது வீட்டில் நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்க, வாசல் மணி அடித்தது. திறந்தேன். மச்சாள் நின்றா. இரண்டு கையிலும் பெரிய பானை, தோளில் பை, வாயில் கவ்வியபடி கார்த் திறப்புக் கொத்து. திறப்பை என் கையில் துப்பிவிட்டு, "விலத்தடி" என்றா.

விலத்தி வழி விட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சும்மா விட்டா. பத்து நிமிடத்தில் குசினி அவவின் கையில் இருந்தது. சின்னக் குசினி என்று அன்றே சொன்னேன் என்று நூறு தரம் சொல்லிக்கொண்டு மரக்கறி வெட்டினா. மகளை வெங்காயத்தோடு இருத்தினா. மனுசனை மூன்று தரம், தைரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்குப் பாலுக்கு அனுப்பினா. பாதர் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தபோது மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனது அவதான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் சாப்பாட்டுத் தட்டுகளோடு நின்றார்கள். எங்கள் கோயிலுக்கு வருகிற தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, நல்ல பிள்ளை, மனதில் உள்ளதை அப்படியே கேட்கிறவள், மச்சாளிடம் வந்தாள்.

"அக்கா, எங்களுக்கெல்லாம் ஃபோன்ல கூப்பிட்டுட்டு, அப்புறம் நேர்லயும் வந்து கூப்பிட்டாங்க. ஆச்சரியமா இருந்துச்சு. உங்களுக்கும் அப்படித்தானா?"

சுற்றி நின்ற நாலைந்து பேரும் திரும்பினார்கள். எங்கள் சனத்துக்கு இப்படியான கேள்விக்குக் காது நீளும். பாதர் பக்கத்தில் நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டைக் கீழே வைத்தேன். மனுசன் நிலத்தைப் பார்த்தார்.

மச்சாள் வாயைத் துடைத்தா.

"எனக்கோ? எனக்குத்தான் முதல் சொன்னவை. நாள் வைக்க முந்தியே தம்பியும் இவளும் சோடியா வந்து கேட்டவை, எந்த நாள் நல்லம் எண்டு. நான்தான் இந்தச் சனிக்கிழமையைச் சொன்னனான். அதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்களுக்குச் சொன்னது."

ஒவ்வொரு சொல்லும் பொய். கண்ணை இமைக்காமல், ஒரு பாதருக்கு முன்னால், தீர்த்தம் காயாத வீட்டுக்குள் நின்று சொன்னா. "அதானே, முறைன்னா இதுதான்" என்றாள் தமிழ்நாட்டுப் பெண். ஆட்கள் தலையாட்டினார்கள். என் மரியாதை எல்லாருடைய கண்ணிலும் ஒரு முழம் ஏறியதை நான் நின்று பார்த்தேன்.

மச்சாள் என் முழங்கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனா. கிட்ட வந்து மெதுவாகச் சொன்னா:

"நாளைக்குப் பூசைக்கு முந்தி இந்தப் பொய்க்கு நான் பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேணும். எட்டு மணிக்கு வந்து என்னைக் காரில ஏத்து. நிண்டு முழிக்காமல் அந்தச் சோத்துச் சட்டியைத் தூக்கடி."